தட்டில் பாதி, கம்பியில் மீதி

பழைய தமிழ் நூல்களைப் புரட்டும் பழக்கமுள்ள அன்பர்கள், முகப்புக்கு அடுத்தாற்போல் ‘பிழையும் திருத்தமும்’ என்னும் தலைப்புடன் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரியில் ‘அரம்’ என்று இருப்பதை ‘அறம்’ என்று கொள்க என்பன போன்ற குறிப்புகள் அதில் இருக்கும். அச்சு ஓடி முடிந்த பிறகு கண்ணில் பட்ட பிழைகளுக்கு நூலாசிரியர் செய்யக்கூடிய பரிகாரம் அவ்வளவே. அதற்காக யாரும் அவரை வைததில்லை. மனிதர் மானமுள்ளவர் என்றே மதித்தோம். ஆனால், வாங்கி வந்த நூல் நூறு பக்கமும் அதற்குரிய பிழைதிருத்தம் நூற்றறுபது பக்கமுமாக இருந்தால் என்ன சொல்வோம்? அந்தத் திருத்தமும் உறைக்குள் இராமல், ‘பின்னர் அனுப்பப்படும், வரவழைக்கும் செலவு தங்களுடையது’ என்று எழுதியிருந்தால்?

கற்பனை என்று எண்ண வேண்டா. 2015 செப்டம்பரில் ‘டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர் 5’ என்னும் வீடியோ விளையாட்டு வெளிவந்தது. சக்கரப் பலகைமீது நின்று சாகசங்கள் செய்வது அதன் பொருள். விற்பனைக்கு வந்த தட்டில் இருந்தது ஏறத்தாழ 4.6 கிகாபைட், அன்றே இணையத்தின் வழியாக இறக்கிக்கொள்ளவேண்டியிருந்த திருத்தமோ ஏறத்தாழ 7.7 கிகாபைட். திருத்தம் வந்து சேரும்வரை, தட்டை மட்டும் இயந்திரத்தில் இட்டவருக்குக் கிட்டியவை பழகுமுறைப் பாடமும், சொந்தமாக மைதானம் அமைக்கும் பகுதியும்தாம். முகூர்த்தத்துக்குப் போனவரைப் பந்தற்காலுடன் திருப்பியனுப்பிய கதை.

இத்தகைய திருத்தத்தை ஆங்கிலத்தில் ‘பேட்ச்’ என்கிறார்கள். கிழிந்த வேட்டிக்குப் போடும் ஒட்டு என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். வெளியீட்டு நாளிலேயே வருவது ‘முதல்நாள் ஒட்டு’. புது வேட்டியை உடுத்துமுன்பே ஒட்டுப் போடும் இவ்வழக்கம் எங்ஙனம் வந்தது, அதனால் நம்போன்ற குடும்பங்களுக்கு நேர்வது என்ன என்பதையே இங்குச் சொல்ல விழைகிறேன். நம் சங்கத்து வீடுகளில் விளையாடுபவர்கள் பிள்ளைகள். பணம் கொடுப்பவர்கள் பெற்றோர். எழுதுபவனோ பள்ளிப் பருவம் தொட்டு இவ்விளையாட்டுகளில் பொழுது கழித்து, அதனால் கெட்டும் போகாமல், பெரிதாகச் சிறந்தும் விடாமல் இருப்பவன். ஆகவே இரு சாராருக்கும் நடுவே நின்று பேசும் உரிமை ஓரளவு உண்டென நம்புகிறேன்.

இணைய வசதி வருமுன் வெளியான விளையாட்டுகளில் பிழையே இல்லை என்பார் கூற்று மெய்யன்று. 1980இல் ஜப்பானில் பிறந்து உலகெங்கும் காசு விழும் பெட்டிகளில் ஓடிய ‘பேக்-மேன்’ விளையாட்டில் 255 சுற்றுகளைக் கடந்தவர் 256ஆம் சுற்றில் திகைத்து நிற்பார். திரையின் வலப்பாதி முழுதும் எழுத்துகளும் துண்டு உருவங்களும் கலந்து சிதறிக் கிடக்கும். மேலே செல்ல வழியில்லை. சுற்றைக் கணக்கிடும் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 255க்கு மேல் கொள்ளாதது என்பதே காரணம். அத்தனை தூரம் எவரும் வரமாட்டார் என்று நினைத்தார்கள் போலும்! 1982இல் அட்டாரி நிறுவனத்துக்காக ‘ஈ.டி.’ திரைப்படத்தை ஒட்டிய விளையாட்டை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் செய்து முடித்தார். கிறிஸ்துமஸ் சந்தையைத் தவறவிடலாகாது என்ற அவசரம். விற்காமல் தேங்கிய பொதிகள், வேறு சரக்குகளோடு சேர்த்து, 1983இல் நியூ மெக்ஸிகோ மாநிலத்துக் குப்பைக் கிடங்கொன்றில் புதைக்கப்பட்டன. 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். அவசரத்தில் செய்த பண்டம் அக்காலத்திலும் உண்டு. வேறுபாடு ஒன்றே. அன்று பெட்டிக்குள் போனது போனதுதான். திருத்துதற்கு வழியில்லை என்ற அச்சமே பல நிறுவனங்களின் வாசலில் காவல் நின்றது.

அக்காவலை இணையம் மெல்ல விலக்கியது. கணினியில் விளையாடுவோர் முன்னரே திருத்தங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001இல் வெளியிட்ட ‘எக்ஸ்பாக்ஸ்’ பெட்டியில் சேமிப்பு வட்டு ஒன்றை உள்ளேயே வைத்தது. 2002 நவம்பரில் அதற்குரிய இணையச் சேவையையும் தொடங்கியது. அதன்பின் தொலைக்காட்சியோடு இணைக்கும் பெட்டிகளுக்கும் ஒட்டு வந்து சேர வழி திறந்தது. தொடக்கத்தில் அவ்வழி சுங்கச்சாவடி போல இருந்தது. 2012இல் ‘ஃபெஸ்’ என்னும் அழகிய சிறு விளையாட்டைச் செய்தவர்கள், தாங்கள் விட்ட ஓர் ஒட்டினால் சிலருடைய சேமிப்பே பழுதாகிறது என்று அறிந்தும், மீண்டும் ஓர் ஒட்டு விடுவதற்குக் கட்டணம் பல்லாயிரம் டாலராகும் என்று சொல்லி அதை அப்படியே விட்டுவைத்தார்கள். அடுத்த ஆண்டில் மைக்ரோசாப்ட் அக்கட்டணத்தைக் கைவிட்டது. சிறிய படைப்பாளிகளுக்கு அது நன்மையே. ஆனால் சுங்கம் ஒழிந்த பாதையில் நல்ல வண்டி மட்டுமா போகும்?

முதல்நாள் ஒட்டை முற்றும் பழிப்பதும் முறையன்று. முடிந்த விளையாட்டின் மூலப்படியை ‘கோல்ட்’ என்பர். அது முடிவானதும் தட்டுகள் அச்சாகி, உறையிடப்பட்டு, கப்பலேறிக் கடைக்கு வந்து சேரச் சில வாரங்கள் பிடிக்கும். அவ்வாரங்களில் புரோகிராம் எழுதுவோர் கைகட்டி உட்கார்ந்திருக்கவேண்டுமென்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். அந்த இடைக்காலத்தில் கண்ட பிழைகளைக் களைந்து அனுப்புவது நேர்மையான உழைப்பு. நாம் முதலிற் கூறிய பிழைதிருத்தத் தாளுக்கு ஒப்பானது. சமையல் முடியாமலே இலை போட்டு, பந்தியில் அமர்த்திய பின் அரிசி களையத் தொடங்குவதே குற்றம்.

அதற்கு ‘சைபர்பங்க் 2077’ போல் விளக்கமான சான்று வேறில்லை. போலந்து நாட்டு நிறுவனமான சிடி புரொஜெக்ட் அதை 2012இல் அறிவித்தது. 2020 ஏப்ரல் என்று குறித்த நாள் செப்டம்பருக்கும், பின்னர் நவம்பருக்கும் தள்ளிப்போயிற்று. அக்டோபர் 5ஆம் தேதி ‘கோல்ட்’ ஆகிவிட்டது என்று மகிழ்ச்சியோடு அறிவித்தவர்கள், அதே மாதம் 27ஆம் தேதி, இன்னும் 21 நாள் வேண்டும் என்றார்கள். முதல்நாள் ஒட்டுக்கே கால அவகாசம் தேவை என்பது அவர்கள் கூறிய விளக்கம். பொன் என்று பெயரிட்ட பின்பும் உரைத்துப் பார்க்கவேண்டிய பொன்! டிசம்பர் 10இல் வெளிவந்தபோது, எண்பது லட்சம் பேர் முன்பதிவு செய்து காத்திருந்தார்கள். திறனாய்வாளர்களுக்கு முன்கூட்டிக் கொடுக்கப்பட்டது கணினிக்குரிய படிமட்டுமே. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டிகளில் அது எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டவில்லை. காட்டாததன் காரணம் அன்று மாலைக்குள் விளங்கிவிட்டது. உருவங்கள் மங்கின, ஓட்டம் தடைப்பட்டது, விளையாட்டு நடுவில் அற்று நின்றது. நான்கே நாளில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த சில நாட்களில் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அவ்விளையாட்டை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் மீண்டும் கடையேறிற்று. இவ்வளவுக்கும் பிறகு டிசம்பர் 20 வரையில் விற்றது ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேல், திருப்பியவை போக!

இதில் நம் நாட்டாருக்கு நேர்ந்தது தனிக்கதை. பிளேஸ்டேஷன் 5 வெளிநாடுகளில் 2020 நவம்பரிலேயே வந்துவிட்டது. இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2ஆம் தேதி. ஆகவே அந்த டிசம்பரில் இங்கே பிளேஸ்டேஷனுக்கென்று தட்டு வாங்கியவர் ஏறக்குறைய அனைவரும் மிக மோசமாக ஓடிய பழைய பெட்டியில்தான் விளையாடியிருப்பார்கள். பின்னர் நிறுவனம் மூன்றாண்டு உழைத்து விளையாட்டைச் செப்பனிட்டது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பும், ‘ஃபேன்டம் லிபர்ட்டி’ என்னும் துணைக்கதையும் பலரது பாராட்டைப் பெற்றன. அப்பாராட்டு தகும் என்பதே என் எண்ணம். ஆயினும் அவ்விரண்டும் பிளேஸ்டேஷன் 4க்கு வரவில்லை. முதல்நாள் காசு கொடுத்து, முதல்நாள் துன்பமும் பட்டவருடைய பெட்டிக்கு, முடிவில் நன்றாக வெந்த சோறு வரவேயில்லை. அதை உண்ணவேண்டுமாயின் வேறு பெட்டி வாங்கவேண்டும்.

நம் சங்கத்துக் குடும்பங்களை நினைத்தே இதை விரித்துச் சொன்னேன். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டி ஊர் மாறுகிறவர்கள் நாம். புது ஊரில் எரிவாயு இணைப்பு முதலில்; கம்பிவழி இணையம் பிறகு. என் அடுத்த வீட்டுக்கு அவ்வாறு வந்து சேர்ந்த குடும்பமொன்றில், மகனின் பிறந்தநாளுக்குத் தந்தையார் விளையாட்டுத் தட்டொன்று வாங்கி வந்தார். இயந்திரம் கேட்ட திருத்தம் நாற்பது கிகாபைட்டுக்கு மேல். வீட்டில் இருந்ததோ நாளொன்றுக்கு 2 கிகாபைட் தரும் கைப்பேசித் திட்டம். வேறெதற்கும் அதைத் தொடாவிட்டாலும் இருபது நாளுக்கு மேல் ஆகும். அவர் என்னை அழைத்து, “ஏன் தம்பி, காசு கொடுத்து வாங்கின தட்டுக்குள்ளே ஆட்டம் இல்லேன்னா, அப்புறம் தட்டு எதுக்கு?” என்று கேட்டார். “அது நுழைவுச்சீட்டு மாதிரி, மாமா” என்றேன். “சீட்டுக்கா இத்தனை ரூபாய்?” என்றார். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகள் பல இங்கு 4,999 ரூபாய்க்கு விலையிடப்பட்டிருப்பதை எண்ணினால், அவர் கேள்வியில் நியாயமில்லை என்று எப்படிச் சொல்வது? நல்ல கம்பி உள்ளவனும் இல்லாதவனும் கொடுப்பது ஒரே விலை; பெறுவது ஒரே பண்டமன்று.

முடியாத பண்டத்தை முடியாதது என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. பெல்ஜியத்து லேரியன் நிறுவனம் ‘பால்டுர்ஸ் கேட் 3’ விளையாட்டின் முற்பகுதியை 2020 அக்டோபரில் வெளியிட்டு, இது பணி நடக்கும் கட்டடம், விரும்புவோர் உள்ளே வரலாம் என்று அறிவித்தது. வந்தவர்கள் குறை சொன்னார்கள், அவர்கள் திருத்தினார்கள், 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்டார்கள். அங்கும் பணம் முன்னரே கைமாறியது உண்மைதான். ஆனால் வாங்கியவன் அறிந்து வாங்கினான். ‘நோ மேன்ஸ் ஸ்கை’யை 2016இல் வெளியிட்ட சிறு குழுவினர், சொன்னவற்றுட் பல இல்லையென்று கடும் ஏச்சுக்கு ஆளாகி, பின்னர் ஆண்டுதோறும் இலவசமாகவே சேர்த்துச் சேர்த்துப் பெயரை மீட்டனர். அவர்களது உழைப்பை மதிக்கிறேன். எனினும் அதை முன்மாதிரியாகக் காட்டி ‘எல்லாம் பின்னால் சரியாகிவிடும்’ என்பாரை நம்பிக் காசு கொடுக்க என் மனம் இசைவதில்லை.

பொறுத்திருந்து வாங்குவதே பெரும்பாலும் போதிய மருந்து. மூன்று மாதம் கழித்து வாங்குவோர்க்கு ஒட்டுகளும் வந்திருக்கும், விலையும் பலமுறை இறங்கியிருக்கும். கணினியில் ‘ஸ்டீம்’ கடையில் வாங்கினால், பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இவ்வசதி 2015 முதல் உண்டு. உறை பிரித்த தட்டைத் திரும்ப வாங்கும் கடைக்காரர் அரியர். முன்பதிவு மட்டும் எனக்கு விளங்காத வழக்கம். தட்டுக்கே பஞ்சம் இருந்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. இணையத்தில் படி தீர்ந்துபோவதில்லை.

பொறுமையால் தீராத இடம் ஒன்று உண்டு. என்னை உறுத்துவது அதுவே. என்னிடமுள்ள பழைய பொதிகளை இன்றும் பெட்டியில் செருகினால், அன்று ஓடியபடியே ஓடுகின்றன. இன்று வாங்கும் தட்டு இருபது ஆண்டுக்குப் பின் என்ன தரும்? ஒட்டுகளை வைத்திருக்கும் சர்வர் நின்றுவிட்டால், தட்டில் எஞ்சுவது அந்த வேகாத முதற்பதிப்பு. சிலவற்றில் அதுவும் எஞ்சாது. யூபிசாப்ட் நிறுவனம் 2014இல் விற்ற ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டு, தனியே ஆடுவதற்கும் நிறுவனத்தின் சர்வரை நாடுவது. 2024 மார்ச் 31இல் அதை நிறுத்தினார்கள். விலை கொடுத்து வாங்கியவரின் அலமாரியில் தட்டு இருக்கிறது, விளையாட்டு இல்லை. அதையொட்டி எழுந்த கிளர்ச்சியில், விற்ற விளையாட்டை ஓடாநிலையில் விடலாகாது என்று சட்டம் கோரி ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் 2025க்குள் கையெழுத்திட்டனர். கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, இணையக் கடைகள் தாம் விற்பது பண்டமன்று, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று வாங்குபவருக்குத் தெளிவாக அறிவிக்கவேண்டும்.

அடுத்த வீட்டு மாமாவிடம் இதையும் சொன்னேன். அவர் சிறிது யோசித்து, அடுத்த பிறந்தநாளுக்கு மட்டைப்பந்து மட்டை வாங்கித் தரப்போவதாகச் சொன்னார். பையனுக்கு அதில் சம்மதமில்லை. பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.