பிழைக்குத் தந்த சலுகை

1990களில் பெயர்பெற்ற சிம்சிட்டி விளையாட்டில் ஒரு வழு இருந்தது. வேலை முடிந்ததென்று திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவக இடத்தை அது மறுபடியும் போய்ப் படித்தது. பழைய விண்டோஸில் அந்த இடம் யாருக்கும் போகாமல் கிடந்ததால் குட்டு வெளிப்படவில்லை. விண்டோஸ் 95 உருவானபோது விளையாட்டு முறிந்தது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆமெனில் நினைவகத்தை உடனே விடுவிக்காமல் வைத்திருக்கும் தனி ஏற்பாட்டை இயங்குதளத்துக்குள்ளேயே எழுதிவைத்தது. விளையாட்டை வாங்கியவருக்கு நன்மைதான். ஆனால் தவறு ஓரிடத்தில், திருத்தம் வேறிடத்தில் என்றாகிவிட்டது. இப்படிச் சேரும் ஒட்டுவேலைகளை என்றைக்காவது பிரித்தெடுக்க வேண்டுமா என்பது இயங்குதளம் எழுதுவோரை விடாமல் துரத்தும் கேள்வி. எடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி; ஆனால், யார் பயன்படுத்துகிறார் என்று தெரியும்படி வைத்த ஒட்டைத்தான் நியாயமாக எடுக்க முடியும்.

ஒட்டு இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருந்தால் அதன் விலை கூடுகிறது. நினைவகம், வட்டு, வலையமைப்பு அனைத்தையும் நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது கெர்னல். அங்கே எழுதும் ஒவ்வொரு வரிக்கும் முழு அதிகாரம் உண்டு. லினக்ஸ் கெர்னல் 2003 டிசம்பரிலிருந்து ஏழரை ஆண்டுகள் 2.6 என்று தொடங்கும் எண்களையே தாங்கி வந்தது. 2011 ஜூலையில் எண் 3.0 ஆனது. மாறியது எண் மட்டுமே. ஆனாலும், 2.6தான் என்றைக்கும் இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல்கள் தடுமாறின. 2.6 வரிசை இன்னும் தொடர்வதுபோல அவற்றிடம் ஒரு பொய் எண்ணைச் சொல்லும் வசதி 3.1 பதிப்பில் சேர்ந்தது. யூநேம்26 என்று பெயர், சில வரிகள்தான். அடுத்த ஆண்டே அதில் ஓட்டை தெரிந்தது. கெர்னலின் உள் நினைவகத்தில் கிடந்தவையும் எண்ணோடு சேர்ந்து சாதாரணப் பயனருக்குக் கசிந்தன. எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரியாத சில நிரல்களுக்குச் செய்த உபகாரம், அவற்றை ஒருநாளும் ஓட்டாத கணினிகளையும் ஆபத்தில் நிறுத்தியது. ஓட்டையை அடைத்தார்கள், வசதி நீடிக்கிறது. அதை இன்று யார் நம்பியிருக்கிறார் என்று சொல்லும் வழி அதற்குள் இல்லை.

ஒட்டை எடுக்கத்தான் வேண்டும் என்ற என் கட்சிக்கு வலுவான மறுப்பு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸிடமிருந்தே வருகிறது. கெர்னலை மாற்றியதால் ஏற்கெனவே ஓடிய நிரல் நின்றால், அந்த நிரலில் வழு இருந்தாலும் பொறுப்பு கெர்னலுடையதே என்பது அவர் விடாப்பிடியாகக் காக்கும் விதி. 2019இல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைச் செப்பனிட்டபோது, கணினி தொடங்கும் நேரத்தில் வட்டைத் தொடும் தடவைகள் குறைந்தன. நல்ல மாற்றம். ஆனால் யாராலும் ஊகிக்க முடியாத எண்களை உருவாக்க, அந்த வட்டு வேலைகளின் நேர வேறுபாட்டையும் கெர்னல் நம்பியிருந்தது. தொடக்கத்திலேயே அத்தகைய எண் கேட்ட நிரல்கள் காத்துக் கிடந்தன. சில கணினிகள் உள்நுழைவுத் திரைவரைகூட வரவில்லை. அவசரப்பட்டுக் கேட்டது நிரலின் தவறு என்று வாதிட இடமிருந்தும், டோர்வால்ட்ஸ் 5.3 பதிப்பு வெளியாகுமுன் அந்த நல்ல மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். பிராசஸரின் நுண்ணிய நேரத் தடுமாற்றங்களிலிருந்தே அந்த எண்களுக்கு வேண்டியதைத் திரட்டும் முறை 5.4இல் வந்தது, பழைய மாற்றமும் திரும்பி வந்தது. ஆக, அந்த விதி எந்த ஒட்டையும் நிரந்தரமாக்கவில்லை. எடுக்குமுன் தேவையைத் தீர்த்துவிடு என்கிறது.

தேவை தீர்ந்த பிறகும் பழைய நிரல்கள் மிஞ்சும். 64-பிட் லினக்ஸில் நேரம் கேட்பது போன்ற வேலைகளை விரைவாக்க, எல்லா நிரல்களுக்கும் ஒரே முகவரியில் வி-சிஸ்கால் என்ற பக்கம் வைக்கப்பட்டிருந்தது. முகவரி மாறாததால் ஊடுருவுவோருக்கு அது வசதியானது. வேறு வேறு முகவரியில் அமையும் மாற்றுப் பக்கம் வந்த பிறகும் பழையதை ஒரே வெட்டாக வெட்டவில்லை. 2011இல் தொடங்கி, முதலில் அதைப் போலியாக நடித்துக் காட்டினார்கள்: பழைய நிரல் ஓடும், சற்று மெதுவாக. பிறகு நேரடி முறை போனது. கணினியைத் தொடங்கும்போது ஓர் அமைப்பைக் கொடுத்து முழுவதும் அடைக்கவும் வழி உண்டு. அடைத்த பின் எந்த நிரலாவது அங்கே போனால் கெர்னல் பதிவேட்டில் குறிப்பு விழும்.

ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதும் குழு இன்னும் கண்டிப்பானது. ஒரே நினைவகப் பகுதியில் எழுதவும், எழுதியதைக் கட்டளையாக இயக்கவும் ஒருசேர விடுவது ஊடுருவலுக்கு வாசல். 2016 செப்டம்பரில் வந்த 6.0 பதிப்பு அதைத் தடுத்தது. உடனே மாற முடியாத நிரல்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் நிரல் கோப்பிலேயே விலக்குக் குறி வேண்டும், கோப்பும் அதற்கென அனுமதித்த வட்டுப் பகுதியில் இருக்க வேண்டும். சலுகையில் வாழ்பவர் யார் யார் என்று பட்டியலே எடுத்துவிடலாம். மூல நிரல் கையிலிருக்கும் சிறு குழுவுக்கு இது சரி. மூடிப்போன நிறுவனத்தின் மென்பொருளை வைத்துத் தொழில் நடத்துபவர் என்ன செய்வார்? பழைய இயங்குதளத்தை ஒரு மெய்நிகர் கணினிக்குள் அவர் ஓட்டலாம். செலவும் தொல்லையும் கூடும்தான். ஆனால் அந்தச் செலவு பயனடைபவரோடு நிற்கும். மற்ற எல்லாக் கணினிகளின் தலையிலும் விழாது.

இத்தனையும் தெரிந்தே வைத்த ஒட்டுகளுக்குத்தான் பொருந்தும். 2004இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டில் ஸ்கிம்மர் என்றொரு நீர்விமானம் உண்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அது காணாமல் போனது. விமானத்துக்கான தரவில் சக்கர அளவு விடுபட்டிருந்தது. முன்பு ஏற்றிய வாகனத்தின் அளவு நினைவகத்தில் எச்சமாகக் கிடந்ததை எடுத்துக்கொண்டு விளையாட்டு ஏறக்குறைய 20 ஆண்டு ஓடிவிட்டது. புதிய விண்டோஸ் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியதும் எச்சம் அழிந்தது. மைக்ரோசாஃப்ட் இங்கே சலுகை எதையும் தரவுமில்லை, பறிக்கவுமில்லை. இத்தகைய தற்செயல்களை யாராலும் முன்கூட்டியே கணக்கெடுக்க முடியாது. கணக்கெடுக்கக் கூடியதையும் விட்டுவைப்பதற்கு அது சாக்காகாது. பிறர் வழுவுக்காகக் கெர்னலில் ஒட்டுப் போடும் நாளிலேயே, அதற்கொரு பெயர், அணைக்க ஒரு வழி, பயன்படும்போது பதிவேட்டில் விழும் ஒரு குறிப்பு மூன்றையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். அப்போதுதான் பத்தாண்டு கழித்து அதை எடுக்க வருபவர் ஊகத்தை விட்டு, பதிவேட்டைப் பார்த்து முடிவெடுக்க முடியும்.