தோட்டத்து வீட்டில் மயில் தொல்லையா? முதலில் தீனியைத் தேடுங்கள்

ஆடிப்பட்டம் தொடங்கிய நேரம். திருப்பூர் மாவட்டத்துத் தோட்டத்து வீடு ஒன்றிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "மேடம், மயிலுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குங்களா?" நோயில் விழுந்த மயிலுக்கு வைத்தியம் கேட்கிறார் என்று நினைத்து, கால்நடை மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த மருந்து இல்லைங்க" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டை ஒட்டிய ஒரு ஏக்கரில் நிலக்கடலை விதைத்திருந்தார். ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ விதைப்பருப்பு. முளைவிட்ட நான்காம் நாள் பாதி வரிசை காணோம். மறுபடி விதை வாங்கி ஊன்றினார். அதுவும் போனது. மூன்றாம் முறை விதைக்க மழையும் இல்லை, கையில் காசும் இல்லை. இந்த நிலையில் இருப்பவரிடம் "மயில் நம் தேசியப் பறவை" என்று பாடம் நடத்தினால் போனை வைத்துவிடுவார்.

ஆனாலும் சட்டத்தைச் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே இந்தச் சட்டத்தின் பார்வையில் 'வேட்டை'தான். குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஒரு ஏக்கர் கடலைக்காக ஏற்கக்கூடிய கணக்கா இது?

இன்னொன்றும் சொன்னேன். விஷம் கலந்த தானியத்துக்கு மயில் எது, வீட்டுக்கோழி எது என்று தெரியாது. கௌதாரி, புறா, செத்த பறவையை இழுத்துத் தின்னும் காவல் நாய் என்று அது போய்க்கொண்டே இருக்கும். பழைய ஃபோரேட் குருணை மிச்சம் இருக்கிறது என்று சிலர் பரணில் வைத்திருக்கிறார்கள். 2020 டிசம்பர் 31-உடன் அதன் விற்பனையும் பயன்பாடும் தடை செய்யப்பட்டுவிட்டன. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை வைத்திருப்பதே ஆபத்து.

வேண்டுமென்றே விஷம் வைக்காதவர்களும் மாட்டிக்கொள்வது உண்டு. பூச்சிமருந்து கலந்து நேர்த்தி செய்த விதையில் மிச்சமானதை வரப்பில் கொட்டிவிட்டு வருவார்கள். காலையில் அங்கே மயில் செத்துக் கிடக்கும். மிச்ச விதையை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். விதைக்கும்போதும் 4 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் ஊன்றி, மண் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே தெரியும் விதைதான் பறவைக்கு அழைப்பு.

எது தின்றது?

கடலை காணாமல் போனால் பழி உடனே மயில் மேல் விழுகிறது. காலையில் வயலுக்குள் இறங்கிக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மயில் காலால் பறித்துக் கிளறும். மண் சிதறிக் கிடக்கும், முன்பக்கம் மூன்று விரல் பதிந்த பெரிய கால்தடம் இருக்கும், எச்சமும் கிடக்கும். வரிசையோடு சின்னச் சின்னக் குழியாக, இரவோடு இரவாகத் தோண்டப்பட்டிருந்தால் அது எலி. முளையைப் பிடுங்கி, பருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தண்டைப் போட்டிருந்தால் காக்கையைச் சந்தேகியுங்கள். மண்ணையே உழுததுபோல் புரட்டியிருந்தால் காட்டுப்பன்றி. எலிக்குச் செய்யவேண்டியதை மயிலுக்குச் செய்து பயனில்லை.

சேதம் எவ்வளவு என்பதையும் கண்ணால் மதிப்பிடாதீர்கள். 30-க்கு 10 செ.மீ. இடைவெளியில் விதைத்திருந்தால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 33 செடி இருக்கவேண்டும். வயலில் ஐந்து இடத்தில் ஒரு மீட்டர் சதுரம் அளந்து எண்ணுங்கள். வரப்போரத்தில் பத்து செடியும் நடு வயலில் முப்பதும் இருந்தால், முழு வயலையும் அழித்து விதைக்கத் தேவையில்லை. ஊறவைத்த விதையைக் கொண்டு, விதைத்த பத்து நாளுக்குள் ஓரத்தில் மட்டும் போக்கிடம் நிரப்பினால் போதும். தொலைபேசியில் அழைத்த விவசாயி இரண்டாம் முறை மொத்த வயலுக்கும் விதை வாங்கியிருக்க வேண்டியதில்லை என்பது நேரில் போய் எண்ணிய பிறகுதான் தெரிந்தது. எனக்கே அது வருத்தமாக இருந்தது.

உங்கள் வீட்டில் அதற்கு என்ன இருக்கிறது?

அவர் தோட்டத்தைச் சுற்றி வந்தபோது கடலையைவிட வேறு சில விஷயங்கள்தான் என் கண்ணில் பட்டன. கட்டுத்தரை ஓரத்தில் கோழித்தீனி நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. மாட்டுக்கு வைத்த தீவனத்தில் சிந்திய மக்காச்சோளக் குருணை வாசல்வரை. தொட்டியில் எப்போதும் தண்ணீர். கிணற்றுமேட்டில் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம். பகலில் ஒதுங்கவும் பெட்டை முட்டையிடவும் அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. அதற்கு அந்தப் பக்கம் பெரிய வேப்பமரம், இரவு தங்க. மயிலுக்கு ஒரு முழு வீடே அங்கே தயாராக இருந்தது. கடலை அதற்கு இடையில் கிடைத்த பலகாரம்.

கோழித்தீனியைக் காலை மாலை அரைமணி நேரம் மட்டும் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளுங்கள். புதரை வெட்டுவதாக இருந்தால் கூடு இல்லாத மாதங்களில், தை மாசி வாக்கில் வெட்டுங்கள். முட்டை இருக்கும்போது கை வைத்தால் மேலே சொன்ன சட்டம் வந்துவிடும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. முருகன் வாகனம் என்று தினமும் காலையில் கம்பும் சோளமும் இறைக்கும் வீடுகள் இருக்கின்றன. இறைப்பவருக்குப் புண்ணியம், பக்கத்துத் தோட்டக்காரருக்குத்தான் நஷ்டம். அக்கம்பக்கத்தில் பேசி, விதைப்பு நடக்கும் இரண்டு வாரமாவது நிறுத்தச் சொல்லுங்கள். சண்டை போட்டால் நடக்காது, தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

பயம் பத்து நாள்தான்

விரட்டும் சாதனங்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். பழைய சி.டி., பளபளக்கும் ரிப்பன், தகர டப்பா, சோளக்கொல்லை பொம்மை எதுவானாலும் வேலை செய்யும், சில நாளுக்கு மட்டும். தன்னை ஒன்றும் செய்யாத பொருளுக்குப் பறவை பழகிவிடுகிறது. வீட்டு மாடியில் கீரைத்தொட்டிக்கு மேல் நான் கட்டிய சி.டி. கயிற்றில், மூன்றாம் வாரம் மைனா உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

அதனால் பருவம் முழுக்கக் கட்டி வைக்காதீர்கள். கடலைக்கு விதைத்ததிலிருந்து முளைத்து நிமிரும்வரை பத்து நாள், பிறகு அறுவடைக்கு முந்தைய இரண்டு வாரம். சோளத்துக்கும் கம்புக்கும் பால்பிடிக்கும் சமயம். தக்காளிக்குப் பழுக்கத் தொடங்கும் சமயம். அந்த நாட்களில் மட்டும் ரிப்பனைக் கட்டி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றி, வேலை முடிந்ததும் அவிழ்த்து உள்ளே வையுங்கள். ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமான ரிப்பனை இரண்டு மூன்று முறுக்கு முறுக்கிப் பயிருக்குச் சற்று மேலே கட்டினால் காற்றில் ஒலியும் எழுப்பும், வெயிலில் மின்னவும் செய்யும்.

காதுக்குக் கேட்காத ஒலியால் பறவையை ஓட்டும் கருவி என்று ஒன்று விற்கிறார்கள். வாங்காதீர்கள். நம் காதுக்கு எட்டாத அந்த உச்ச ஒலி பறவைகளின் காதுக்கும் எட்டாது. பெரும்பாலான பறவைகளின் கேட்கும் எல்லை நம்முடையதைவிடக் குறைவு.

மயிலுக்கு நான் கண்டதில் மலிவான தடுப்பு பழைய சேலைதான். மயில் பறக்கக்கூடியது என்றாலும் வயலுக்குள் பெரும்பாலும் நடந்துதான் நுழைகிறது. வரப்பைச் சுற்றிக் குச்சி நட்டு மூன்று, நான்கு அடி உயரத்துக்குச் சேலையை இழுத்துக் கட்டினால், உள்ளே இருப்பது தெரியாமல் தயங்கித் திரும்புகிறது. எல்லா மயிலும் திரும்பும் என்று சொல்லமாட்டேன். விடிந்ததும் ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு மேல் ஒருமுறை ஆள் நடமாட்டம் இருந்தால் சேலைக்குப் பலம் கூடும்.

வலை கட்டுவதாக இருந்தால் கண்ணி அளவு முக்கியம். புறாவுக்கு 50 மி.மீ., மைனாவுக்கு 28, சிட்டுக்குருவிக்கு 19. விறைப்பாகக் கட்டுங்கள். தொளதொளவென்று தரையில் புரளும் வலையில் சாரைப்பாம்பு சிக்கிச் சாகும். எலியைத் தின்ன வந்த பாம்பை நாமே கொன்றதாகிவிடும்.

புறா, காக்கை, கண்ணாடியைக் கொத்தும் குருவி

மாடியிலும் ஏ.சி. பெட்டியின் பின்னாலும் புறா கூடு கட்டுவது நகரத்துப் பிரச்சினை மட்டுமல்ல, இப்போது கிராமத்து கான்கிரீட் வீட்டிலும் இருக்கிறது. இரண்டு முட்டை, 17 முதல் 19 நாள் அடை, குஞ்சு பறக்க இன்னொரு மாதம். குஞ்சு வெளியேறியதும் அன்றைக்கே இடத்தை வலையால் அடையுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அடுத்த முட்டை வந்துவிடும். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலைப் பாதிக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு அள்ளுங்கள். அள்ளியதைச் செடிக்கு நேராகப் போட்டால் வேர் வெந்துபோகும். எருக்குழியில் மக்கவிட்டுப் போடுங்கள்.

காக்கை தலையில் கொத்துகிறது என்றால் பக்கத்து மரத்தில் குஞ்சு இருக்கிறது என்று பொருள். சில வாரம் குடை பிடித்துப் போனால் தீர்ந்தது. கோழிக்குஞ்சைத் தூக்குவதற்குப் பஞ்சாரத்தைவிட நல்ல தீர்வை நான் இதுவரை பார்க்கவில்லை. முன்பு காக்கை 'தீங்குயிர்' அட்டவணையில் இருந்ததால் சுட்டாலும் கேள்வியில்லை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அந்த அட்டவணையே 2022 திருத்தத்தில் எடுக்கப்பட்டுவிட்டது.

ஜன்னல் கண்ணாடியையும் வண்டிக் கண்ணாடியையும் ஓயாமல் கொத்தும் குருவிக்கு உங்கள் மேல் பகை ஏதும் இல்லை. கண்ணாடியில் தெரிவதைத் தன் எல்லைக்குள் வந்த போட்டிப் பறவை என்று நினைத்துச் சண்டை போடுகிறது. வெளிப்பக்கம் காகிதம் ஒட்டுங்கள், வண்டிக் கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டுங்கள். உள்ளே திரை போட்டால் பிம்பம் இன்னும் தெளிவாகத்தான் தெரியும்.

தோட்டத்து மரத்தில் கூகையோ ஆந்தையோ இருந்தால் அபசகுனம் என்று கல்லெறியாதீர்கள். மேலே சொன்ன எலிக்குழிகளுக்கு இரவில் காவல் இருப்பது அதுதான்.

அந்தத் திருப்பூர் விவசாயி மூன்றாம் முறை முழு வயலுக்கும் விதை வாங்கவில்லை. ஓரத்தில் மட்டும் ஊன்றினார். வீட்டுப் பெண்களிடம் பழைய சேலை வாங்கிக் கட்டினார். கோழித்தீனி இப்போது நேரத்துக்குத்தான். கடலை பிடுங்கிய அன்று மறுபடி அழைத்தார். கிழக்கு ஓரத்தில் இரண்டு வரிசை போய்விட்டதாம். மயில்கள் அதே வேப்பமரத்தில்தான் தங்குகின்றனவாம். "கிணத்துமேட்டுப் புதரை தையில வெட்டிக்கலாங்களா?" என்று கேட்டார். முதலில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டச் சொல்லியிருக்கிறேன்.