கட்டைவிரலில் ஒளிந்த விநாடி

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கோடை நீச்சல் முகாமின் கடைசி நாள் போட்டிக்கு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காலை ஏழரை மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. இரண்டாவது லேனுக்கு நேரம் பார்க்க ஓர் ஆள் குறைகிறது என்று சொல்லி, கோச் என் கையில் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார். கறுப்பு நிறம், கழுத்தில் மாட்டக் கயிறு, கட்டைவிரலுக்கு வாகாக ஒரு பொத்தான்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க" என்றார் கோச். "விசில் சத்தத்துக்குக் காத்திருக்காதீங்க. நான் கையை மேல தூக்கி வச்சிருப்பேன். கை இறங்கின உடனே அழுத்துங்க."

விசில் எதற்கு ஊதுகிறார்கள், காதால் கேட்டு அழுத்தினால் என்ன? எங்கள் ஊர்க் குளம் 25 மீட்டர் நீளம், ஆறு லேன். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குட்டிகளுக்கு 25 மீட்டர் ஃப்ரீஸ்டைல் மட்டும்தான். அவர்கள் எதிர்க்கரையிலிருந்து குதித்து, நாங்கள் நிற்கும் கரைக்கு வந்து முடிப்பார்கள். விசில் ஊதப்படுவது அந்தக் கரையில். காற்றில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். அப்படியானால் 25 மீட்டரைக் கடக்க அதற்கு 0.07 விநாடி வேண்டும். சென்னை வேளச்சேரியில் உள்ளதுபோல 50 மீட்டர் குளமாக இருந்தால் 0.15 விநாடி. குழந்தையின் காதுக்குக் கேட்ட பிறகுதான் சத்தம் நம் காதுக்கு வந்து சேரும். வாட்ச் தாமதமாக ஓடத் தொடங்கினால், நீந்திய நேரம் குறைவாகக் காட்டும். குழந்தை வேகமாக நீந்தாமலேயே அதன் டைமிங் நன்றாகிவிடும்!

கை இறங்குவதை நமக்குக் காட்டுவது ஒளி. அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்ளலாம். மின்னல் முதலில் தெரிந்து, இடி பிறகு கேட்கிறதே, அதே கணக்குதான் இந்தக் குளத்திலும். பெரிய போட்டிகளில் குதிக்கும் மேடை ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனித்தனி ஒலிபெருக்கி வைப்பதும் இதனால்தான். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் முதலிலும், கடைசி லேன்காரருக்குப் பிறகும் கேட்கும்.

குட்டிகள் முடித்ததும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளின் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல். போய்த் திரும்ப வேண்டும். ஹீட்ஸில் நல்ல டைமிங் எடுத்த பிள்ளைக்கு நடு லேன் தருவது வழக்கம். ஆறு லேன் குளத்தில் அது மூன்றாவது லேன். அங்கே நின்றது நீளக் கைகள் கொண்ட, சிவப்பு கேப் போட்ட சிறுமி. என் லேனில் நின்றவள் அவளைவிட ஒரு சாண் குட்டை. நீல கேப்.

கை இறங்கியது. பொத்தானை அழுத்தினேன்.

சிவப்பு கேப் குதித்தபோது தண்ணீர் எங்கள் முட்டி வரை தெறித்தது. நீல கேப் குதித்த இடத்தில் தண்ணீரில் ஒரு துளை விழுந்தது போலிருந்தது. கை போன அதே துளைக்குள் தலையும் இடுப்பும் காலும் போயின. வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தெறிக்கும் தண்ணீர்தான் வேகம்போலத் தெரியும். உண்மையில் அது வீணாகப் போன உழைப்பு. முன்னால் போகச் செலவாக வேண்டிய ஆற்றலைத்தான் சிவப்பு கேப் மேலே வாரி இறைத்துவிட்டாள்.

தண்ணீர் காற்றைப்போல ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி கொண்டது. வீட்டில் ஒரு பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, உள்ளங்கையைப் பலகைபோல விரித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பிறகு கையைக் கத்திபோலத் திருப்பி அதே வேகத்தில் இழுத்துப் பாருங்கள். கை அதேதான், தண்ணீரும் அதேதான். ஆனால் இரண்டாவது முறை தண்ணீர் வழிவிட்டு ஒதுங்குகிறது. இப்போது உள்ளங்கையை விரித்து வைத்து இரண்டு மடங்கு வேகமாகத் தள்ளுங்கள். எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய நான்கு மடங்காகும். வேகம் கூடக்கூட தண்ணீர் காட்டும் பிடிவாதம் இது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஷான்லே 100 மீட்டரை 46.40 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அதே 100 மீட்டரை உசேன் போல்ட் தரையில் 9.58 விநாடியில் ஓடியிருக்கிறார். உலகிலேயே வேகமாக நீந்துபவரும், கரையில் நிதானமாக ஓடும் ஒருவரின் வேகத்தில்தான் போக முடிகிறது. அதனால் நீச்சலில் கையை இன்னும் பலமாக வீசுவதைவிட, தண்ணீருக்கு நம் உடம்பை இன்னும் சிறிதாகக் காட்டுவதில்தான் அதிக லாபம்.

பாதிக் குளத்தில் சிவப்பு கேப் அரை உடல் முன்னால் இருந்தாள். ஆனால் மூச்செடுக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பக்கத்து லேனைப் பார்த்தாள். தண்ணீரில் நம் உடம்பு ஒரு சீசா பலகை மாதிரி. நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கும், கால்கள் தாழும். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும். கத்தியாக இருந்த உடம்பு மறுபடி உள்ளங்கையாகிவிடும். நீல கேப் தலையைத் தூக்கவே இல்லை. குளத்தின் தரையில் ஓடும் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு போனாள். மூச்சுக்கு முகத்தை மட்டும் பக்கவாட்டில் உருட்டினாள்.

அடுத்து எதிர்ச்சுவர். நீச்சல்காரர் மிக வேகமாகப் போவது கை வீசும்போது அல்ல. குதித்துத் தண்ணீருக்குள் போன நொடியிலும், சுவரை உதைத்துக் கிளம்பும் நொடியிலும்தான் வேகம் உச்சத்தில் இருக்கும். நாம் சுவரைப் பின்னால் தள்ளுகிறோம், சுவர் நம்மை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. தண்ணீரைத் தள்ளினால் அது நழுவி ஓடும். சுவர் நழுவாது. அப்படிக் கிடைத்த வேகத்தை எவ்வளவு தூரம் கரையாமல் காப்பாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

சிவப்பு கேப் சுவரைத் தொட்டு, தலையைத் தூக்கி ஒரு பெரிய மூச்சு இழுத்து, கைகளை விரித்தபடி உதைத்தாள். லேன் கயிற்றில் கோத்த பிளாஸ்டிக் வட்டுகள் சுவரிலிருந்து 5 மீட்டர் வரை சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு முடிவதற்குள்ளேயே அவள் மேலே வந்துவிட்டாள். நீல கேப் ஒரு கையின் மேல் மறு கையை வைத்து, காதுகளைத் தோள்களுக்கு நடுவில் பூட்டி, ஈட்டி போலக் கிளம்பினாள். சிவப்பு வட்டுகளைத் தாண்டி ஒரு கை நீளம் போன பிறகுதான் அவள் தலை தெரிந்தது. அதற்குள் அரை உடல் வித்தியாசம் காணாமல் போயிருந்தது.

தண்ணீருக்கு அடியில் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. மேற்பரப்பில் நீந்தும்போது அலை எழும்புகிறது. அந்த அலையை உண்டாக்கும் ஆற்றலையும் நாம்தான் கொடுக்கிறோம். கொஞ்சம் ஆழத்தில் போனால் அந்தச் செலவு பெரிதும் குறையும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஜப்பானின் டைச்சி சுசுகியும் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃபும் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் தொடக்கத்திலேயே 30 மீட்டர் போல நீருக்கடியில் டால்பின் மாதிரி உடம்பை வளைத்துப் போனார்கள். தங்கம் சுசுகிக்கு, வெள்ளி பெர்காஃபுக்கு. இப்படியே விட்டால் நீச்சல் போட்டியில் நீந்துபவரையே பார்க்க முடியாமல் போய்விடும் என்று விதி வந்தது. இன்று 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும்.

கடைசி 10 மீட்டரில் இருவரும் சரிக்குச் சரி. கரையில் அம்மாக்களும் அப்பாக்களும் போட்ட சத்தத்தில் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. நீல கேப்பின் விரல்கள் சுவரைத் தொட்டன. அழுத்தினேன்.

38.21. என் பக்கத்தில் நின்ற இருவரின் வாட்சிலும் 38.34, 38.16. மூன்று வாட்ச் மூன்று விதமாகக் காட்டினால் நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும் என்பது விதி. ஆக 38.21. மூன்றாவது லேனின் நடு நேரம் 38.17. அப்படியானால் சிவப்பு கேப்தான் முதல். ஆனால் சுவர் ஓரத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நடுவர்கள், நீல கேப்தான் முதலில் தொட்டாள் என்றார்கள்.

இதே சிக்கல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் நடந்திருக்கிறது. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்று வாட்சும் 55.2 காட்டின. அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. ஆனாலும் தங்கம் டெவிட்டுக்கே தரப்பட்டது. முதலிடம் யாருக்கு என்பதில் நடுவர்களின் கண்களே ஒத்துப்போகவில்லை; தலைமை நடுவர் தீர்ப்புச் சொன்னார். அந்தச் சண்டை ஓயவே இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சுவரிலேயே தொடுபலகை வைத்தார்கள். நீந்துபவரின் கையே அழுத்தி வாட்சை நிறுத்தும். நடுவில் இன்னொருவர் கட்டைவிரல் இல்லை.

கட்டைவிரலில் அப்படி என்ன கோளாறு? ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்கேலை நண்பரிடம் கொடுத்து, பூஜ்யம் கீழே இருக்குமாறு தொங்கவிடச் சொல்லுங்கள். பூஜ்யத்துக்கு இருபுறமும் தொடாமல் உங்கள் விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் விட வேண்டும், நீங்கள் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் அசைய 0.20 விநாடி ஆகியிருக்கிறது. 15 சென்டிமீட்டர் என்றால் 0.17 விநாடி. ஒரே ஆள் பத்து முறை பிடித்தால் பத்து எண் வரும்.

தொடக்கத்தில் கோச்சின் கை எப்போது இறங்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் 0.20 விநாடி தாமதம் தப்பாது. முடிவில் அப்படி இல்லை. பிள்ளை வருவது தெரிகிறது, தரையில் கறுப்புக் கோடு முடியும் இடத்தைத் தாண்டிவிட்டாள் என்பதும் தெரிகிறது. விரல் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. ஒரு பக்கம் தாமதம், மறுபக்கம் அவசரம். அதனால்தான் கையால் எடுக்கும் நேரம் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாக வரும். இவ்வளவு பிசகு உள்ள கருவியை வைத்துக்கொண்டு 0.04 விநாடிக்கு நாங்கள் தீர்ப்புச் சொல்லப் பார்த்தோம். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகள் கடந்த தூரம் 5 சென்டிமீட்டர், ஒரு சுண்டுவிரல் நீளம்.

இயந்திரத்துக்கும் எல்லை உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை 0.002 விநாடியில் வென்றார். தூரத்தில் அது 3 மில்லிமீட்டர். ஓடு பதித்த குளத்தில் ஒரு லேனுக்கும் அடுத்த லேனுக்கும் நீளம் மில்லிமீட்டர் பிசகாமல் யாராலும் கட்ட முடியாது. ஜெயித்தது மனிதரா, கொத்தனாரின் கரண்டியா என்று சொல்ல முடியாத இடத்தில் பதக்கம் தருவது நியாயமில்லை. அதனால் நூறில் ஒரு பங்கு விநாடியோடு நிறுத்திக்கொண்டார்கள். 2016 ரியோவில் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சிமோன் மேனுவலும் பென்னி ஒலெக்சியாக்கும் 52.70 விநாடியில் தொட்டார்கள். இருவருக்கும் தங்கம். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது.

எங்கள் குளத்திலும் ஐந்து நிமிடம் பேசிவிட்டு இருவரையும் முதலிடம் என்று அறிவித்தார்கள். நீல கேப் துண்டைப் போர்த்திக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, உங்க வாட்ச்ல எவ்ளோ?" காட்டினேன். "என் பெஸ்ட்டே இதான்!" என்று ஓடிவிட்டாள்.

பரிசு கொடுத்து முடிந்து, பந்தலில் எலுமிச்சைச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். குளத்தில் சளப்பென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். சிவப்பு கேப். சுவரை உதைத்துக் கிளம்புவதும், மேலே வந்ததும் கயிற்றைத் திரும்பிப் பார்ப்பதும், மறுபடி சுவருக்கே வருவதுமாக இருந்தாள். முதல் இரண்டு முறையும் சிவப்பு வட்டுகளுக்குள்ளேயே தலை தெரிந்தது. மூன்றாவது முறை ஒரு கையின் மேல் மறு கையை வைத்தாள். நான்காவது முறை, கடைசிச் சிவப்பு வட்டைத் தாண்டித்தான் மேலே வந்தாள்.