பூட்டிய கேட்டுக்குள் பொது நிலம்

மதியம் ஒரு மணி. சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞர் ஒருவர் பைக்கை ஓரங்கட்டிவிட்டுப் பூங்கா கேட்டை ஆட்டிப் பார்க்கிறார். பூட்டு. உள்ளே புங்கமர நிழலில் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. வெளியே பைக்கில் சாய்ந்தபடியே பொட்டலத்தைப் பிரிக்கிறார்.

காலையிலும் மாலையிலும் மட்டும் திறக்கும் பூங்கா, வாக்கிங் வருகிறவர்களை மனத்தில் வைத்தது. நிழல் யாருக்கு எப்போது வேண்டும் என்று யோசித்திருந்தால் உச்சி வெயிலில் பூட்டு தொங்காது. பல இடங்களில் மாடும் பைக்கும் நுழையாமலிருக்க வாசலில் வளைத்து வைத்த இரும்புக் கம்பி, சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது.

இது தெரிந்த பூங்காவின் கதை. கண்ணுக்கே படாத பூங்காக்களும் உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுகிறவர், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. 3,000 முதல் 10,000 வரை என்றால், நிலம் விட வழியில்லாதபோது அதற்கான மதிப்பைச் செலுத்தலாம். ரியல் எஸ்டேட்காரர்கள் வாயில் இதற்குப் பெயர் 'ஓ.எஸ்.ஆர்.' 10,000 சதுர மீட்டரில் சாலைக்கே ஐந்தில் ஒரு பங்கு போனாலும், மூன்றரை கிரவுண்டுக்குமேல் தேறும். சின்னப் பூங்காவுக்குத் தாராளம்.

அந்த நிலம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடுகிறது. ஆனால் அது அடுக்குமாடி வளாகத்தின் பின்மூலையில், செக்யூரிட்டியைத் தாண்டி இருந்தால்? பக்கத்துத் தெருக் குழந்தைக்கு அது இல்லாத பூங்காதான். என்னைக் கேட்டால், பரப்பளவை அளக்கும் அக்கறையில் பாதியாவது வாசல் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்பதில் காட்டியிருக்க வேண்டும்.

பொது நிலம் கரைவது சென்னைக்குப் புதிதல்ல. 1859-இல் ஆளுநர் டிரெவெல்யன் தொடங்கிய பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர். அந்த நிலத்தில் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் நல்ல காரியங்களே. பார்க் மட்டும்தான் சுருங்கிப்போனது.

உங்கள் பகுதி ஓ.எஸ்.ஆர். எங்கே என்று அறிய, ஒப்புதல் பெற்ற மனை வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பிறகு அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரப் பதிவு அதில் இருந்தும் அங்கே 'குடியிருப்போருக்கு மட்டும்' என்று பலகை தொங்கினால், அதை யார் அனுமதியோடு மாட்டினார்கள் என்று மாநகராட்சியிடம் எழுதிக் கேட்கலாம்.