மூலத்துக்கு ஆபரேஷனா? இதய மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியவை

‘மூலத்துக்குச் சின்ன ஆபரேஷன்தானே... இதுக்குப் போய் ஹார்ட் டாக்டரை ஏன் பார்க்கணும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இதயத்துக்கு அதிகச் சுமை தராத அறுவை சிகிச்சைகளில்தான் மூல அறுவை சிகிச்சையும் சேரும். பலரும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள்.

ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள், வால்வு மாற்றியவர்கள், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்கள் ஆகியோரின் நிலை வேறு. ரத்தம் உறையாமல் இருக்க இவர்கள் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். நிறுத்தாமல் அறுவை சிகிச்சை செய்தால் ரத்தப்போக்கு கூடலாம். தவறான நேரத்தில் நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். இவர்களுக்குச் சிக்கலே இந்த மாத்திரைகளில்தான்.

ரத்தம் வருகிறதே, மாத்திரையை நிறுத்தலாமா?

மலத்தோடு ரத்தத்தைப் பார்த்ததும் பயந்துபோய் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். இது மிகவும் ஆபத்து.

ஸ்டென்ட் என்பது இதய ரத்தக் குழாய்க்குள் வைக்கப்படும் உலோக வலை. அதன்மீது ரத்தக் குழாயின் உட்தோல் படர்ந்து மூடுவதற்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பவை இந்த மாத்திரைகள்தான். திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட் முழுவதுமாக அடைத்து, உயிருக்கே ஆபத்தான மாரடைப்பு ஏற்படலாம். மூலத்தில் கசியும் ரத்தம் பெரும்பாலும் டாக்டரைப் பார்க்க அவகாசம் தரும். ஸ்டென்ட் அடைப்பு அப்படித் தராது.

ரத்தம் நிற்காமல் கொட்டினாலோ, தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ வீட்டில் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

எவ்வளவு காலம் தள்ளிப்போடுவார்கள்?

மூல அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் தள்ளிப்போட முடியும் என்பது நோயாளிக்குச் சாதகமான விஷயம். மாரடைப்பு இல்லாமல், திட்டமிட்டு மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 6 மாதங்கள் வரையும், மாரடைப்புக்காக வைத்தவர்களுக்கு 12 மாதங்கள் வரையும் காத்திருப்பது நல்லது என்பது பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்காதவர்கள் குறைந்தது 60 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

அதற்குள் செய்தாக வேண்டிய கட்டாயம் வந்தால், இதய மருத்துவரும் அறுவை சிகிச்சை மருத்துவரும் பேசி முடிவெடுப்பார்கள்.

எந்த மாத்திரைக்கு என்ன வழக்கம்?

இங்கே சொல்லப்படுவது பொதுவான நடைமுறை மட்டுமே. சிறுநீரக நிலை, வயது, இதய நோயின் தன்மையைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் இது மாறும்.

* ஆஸ்பிரின்: ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள்.
* குளோபிடோக்ரல்: நிறுத்தலாம் என்று இதய மருத்துவர் சொன்னால், சுமார் 5 முதல் 7 நாட்களுக்கு முன்பு நிறுத்துவார்கள்.
* வார்ஃபரின்: சுமார் 5 நாட்களுக்கு முன்பு நிறுத்தி, ஐஎன்ஆர் பரிசோதனை பார்ப்பார்கள். உலோக வால்வு வைத்தவர்களில் சிலருக்கு இடைப்பட்ட நாட்களில் ஹெப்பாரின் ஊசி தேவைப்படும்.
* பீட்டா பிளாக்கர் (மெட்டோப்ரோலால் போன்றவை): திடீரென நிறுத்தக் கூடாது. அறுவை சிகிச்சை அன்று காலையும் ஒரு வாய் தண்ணீரில் விழுங்கச் சொல்வார்கள்.
* டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின்: சர்க்கரைக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படும் இவற்றைச் சுமார் 3 நாட்களுக்கு முன்பே நிறுத்துவார்கள். பட்டினி இருக்கும் நேரத்தில் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து இருப்பதே காரணம்.

எல்லோருக்கும் எக்கோ, டிரெட்மில் தேவையா?

தேவையில்லை. டாக்டர்கள் முதலில் கேட்பது எளிய கேள்வி: ‘நிக்காம ரெண்டு மாடி ஏற முடியுதா?’ நெஞ்சுவலியோ மூச்சுவாங்கலோ இல்லாமல் ஏற முடிந்தால், இதயம் ஓரளவு தாங்கும் என்று அர்த்தம். இதய நோய் உள்ளவர்களுக்கு இசிஜி எடுப்பார்கள். புதிதாக மூச்சுவாங்கல், கால் வீக்கம், வால்வு கோளாறு என்ற சந்தேகம் இருந்தால் எக்கோ எடுப்பார்கள். ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால், அதைக் கட்டுப்படுத்திவிட்டு வரச் சொல்வது வழக்கம்.

ஹீமோகுளோபின் அளவையும் பார்த்தாக வேண்டும். நாள்பட்ட ரத்தக் கசிவால் ரத்தசோகை வந்தால், இதயம் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். அடைப்பு உள்ளவர்களுக்கு இதனாலேயே நெஞ்சுவலி கூடலாம். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்தம் போனால் ‘எல்லாம் மூலம்தான்’ என்று விட்டுவிடாமல், குடலில் கட்டி இருக்கிறதா என்று கொலோனோஸ்கோபி செய்து பார்ப்பார்கள்.

முதுகில் ஊசி போடுவது பாதுகாப்பானதா?

பலருக்கும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. இந்த ஊசியால் ரத்த அழுத்தம் சட்டெனக் குறையலாம். பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கு இது ஆபத்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் சில மருந்துகள் உடலில் இருக்கும்போது ஊசி போட்டால், தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டலாம். அதனால் கடைசியாக எந்த மாத்திரையை எப்போது சாப்பிட்டோம் என்பதை மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

‘கத்தியில்லை, ரத்தமில்லை, ஒரே நாளில் குணம்’ என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குப் போவோரும் கவனிக்க வேண்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுகூடக் கேட்காத இடத்தில் ஊசியோ லேசரோ போட்டுக்கொள்வது சரியல்ல.

வீட்டுக்கு வந்த பிறகு...

வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடக் கூடாது. அடைப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அவை உகந்தவை அல்ல. பாராசிட்டமால்தான் பெரும்பாலும் முதல் தேர்வு. நைட்ரோகிளிசரின் களிம்பு தரப்பட்டால், சில்டெனாஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மாத்திரைகளைத் தொடக் கூடாது; ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும்.

புண் ஆறும்போது, ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் மறுபடி ரத்தம் வரலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மீண்டும் தொடங்கியிருக்கும் சமயமும் அதுவாக இருக்கும். அப்போதும் தானாக நிறுத்தாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

மலச்சிக்கலும் வரக் கூடாது. முக்கி முக்கி மலம் கழிக்கும்போது ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். இதய நோயாளிகளுக்கு மயக்கம்கூட வரலாம். நார்ச்சத்து உணவும் இசப்கோலும் உதவும். ஆனால் ‘நிறைய தண்ணி குடிங்க’ என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீர் அளவு குறைக்கப்பட்டவர்கள், எவ்வளவு குடிக்கலாம் என்று இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஸ்டென்ட் வைத்த தேதியும் விவரமும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எடுத்த எக்கோ, தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்துவது, எந்தத் தேதியில் மீண்டும் தொடங்குவது என்பதை இதய மருத்துவரிடம் எழுதி வாங்கி, அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நிறுத்தும் தேதியை மட்டும் கேட்டுவிட்டு, தொடங்கும் தேதியைக் கேட்க மறந்துவிடக் கூடாது.