நாளைய கடற்போர்



நாளை கடற்போர் மூளும் என்கிறார் ஒருவர். மூளாது என்கிறார் மற்றவர். இவ்விருவரில் ஒருவர் சொல்வது இன்றைக்கே மெய்யாக இருந்தாக வேண்டுமா? கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் எழுப்பிய கேள்வி இது.

அளவையியல் பயின்றவர்கள் 'ஆம்' என்றே சொல்லத் துணிவர். ஒரு கூற்று மெய், அன்றேல் பொய். இடைப்பட்ட நிலை இல்லை என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆனால், அந்த 'ஆம்' நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது? நாளை நடக்கப்போவது இன்றே மெய்யாகிவிட்டதென்றால், அதைத் தடுக்க எவராலும் இயலாது. ஆலோசனையும் முயற்சியும் வீண். அரிஸ்டோட்டில் இம்முடிவை ஏற்க மறுத்தார்.

போலந்து அறிஞர் யான் லூக்காசியேவிச் 1920 இல் விதியையே மாற்றிப் பார்த்தார். மெய்க்கு 1, பொய்க்கு 0, இன்னும் தீர்மானமாகாததற்கு 1/2 என மூன்று பெறுமானங்களை வைத்தார். அவரது அமைப்பில் 'போர் மூளும் அல்லது மூளாது' என்ற கூற்றும் பாதி மெய்யாகவே நின்றுவிடுகிறது. அரிஸ்டோட்டிலோ அந்தக் கூற்றைக் கைவிடவில்லை.

ஒல்லாந்துக் கணித மேதை புறூவர், முடிவிலாத் தொகுதிகளில் இவ்விதியை நம்ப முடியாதென 1908 இல் வாதிட்டார். 2 இலும் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரு முதன்மை எண்களின் கூட்டுத்தொகை என்னும் ஊகத்தைப் பாருங்கள். 1742 இல் எழுந்த அது இன்னும் நிறுவப்படவுமில்லை, மறுக்கப்படவுமில்லை. புறூவரின் வழியில், நிறுவல் கிட்டும்வரை 'இது மெய் அல்லது பொய்' எனக் கூறவும் நமக்கு உரிமையில்லை.

அப்படியானால் எல்லா விதிகளும் மாறக்கூடியனவா? முரணாமை விதி எளிதில் வளைவதில்லை. ஒரு பொருள் உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒருங்கே மெய் என வாதிடுபவரும், வழியில் கிணற்றைக் கண்டால் விலகியே நடக்கிறார் என்று அரிஸ்டோட்டில் சுட்டிக்காட்டினார். 'நான் சொல்வது பொய்' போன்ற சில முரண்கள் மெய்யாகலாம் என 1979 இல் எழுதிய கிரஹாம் பிறீஸ்ற்றும், எல்லா முரண்களும் மெய் என்று சொல்லவில்லை.

ஒரு விதியைத் திருத்த வேண்டுமென வாதிடுவதற்கே ஏனைய விதிகளின் துணை வேண்டியிருக்கிறது. எனவே, ஒன்றை மாற்றிப் பார்க்கலாம்; அனைத்தையும் ஒருங்கே துறக்க இயலாது.

போரைத் தடுக்க இன்று தூது செல்பவர், நாளை இன்னும் முடிவாகவில்லை என்று நம்பியே புறப்படுகிறார். அந்த நம்பிக்கைக்கு அளவையியலில் ஓர் இடம் தேடியவர் லூக்காசியேவிச்.