எந்தக் கூரைக்கு முதல் ஓடு?

கையில் உள்ள பணமோ பத்து ரூபாய். ஒழுகும் கூரைகளோ நூறு. எதற்கு முதலில் ஓடு வாங்குவது? ஜீவராசிகளைக் காக்கப் புறப்பட்ட அறிஞர்களுக்கும் இதே சங்கடந்தான். நார்மன் மயர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1988-ஆம் வருஷம் இதற்கு ஒரு வழி சொன்னார். வேறெங்கும் காணப்படாத தாவர வகைகள் மிகுந்தும், இயற்கைப் பசுமை பெரும்பாலும் அழிந்தும் இருக்கும் பிரதேசங்களையே முதலில் காக்க வேண்டும் என்றார். 2000-ஆம் வருஷத்தில் அவரும் சகாக்களும் அத்தகைய 25 பிரதேசங்களைக் குறித்தார்கள். எஞ்சியிருந்த அவற்றின் பரப்பு பூமியின் நிலத்தில் நூற்றுக்கு 1.4 பங்குதான், ஆனால் உலகத் தாவர வகைகளில் நூற்றுக்கு 44 அங்கே மட்டுமே உள்ளன!

மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் அவற்றுள் ஒன்று. ஆகவே காவேரி பிறக்கும் குடகு உள்ளே. அவள் கடல் சேரும் தஞ்சைத் தரணி வெளியே. இதில் கோபிக்க நியாயமில்லை. நூற்றாண்டுகளாக ஏர் உழுத பூமியில், இங்கு மட்டுமே வளரும் செடி வகை 1500 தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? ஆயினும் அந்த அளவுகோல் கரையோடு நின்றுவிடுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே, ஆழமற்ற பாக் விரிகுடாவின் அடியில் கடற்புல் வெளிகள் இருக்கின்றன. அவற்றை மேய்ந்து வாழ்வது ஆவுளியா என்னும் கடற்பசு. அது மீனன்று, குட்டிக்குப் பாலூட்டும் பிராணி. (என் வகுப்புப் பிள்ளைகள் இதை எளிதில் நம்புவதில்லை.) மூச்சு விட அடிக்கடி மேலே வரவேண்டும், வலையில் சிக்கினால் நீரிலேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். ஒரு முறைக்கு ஒரே குட்டி; அடுத்த குட்டிக்குப் பல வருஷங்கள் ஆகும். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு சர்க்கார் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் இதுவே முதலாவது.

ஆனால் கோடியக்கரையில் 1967 முதல் வெளிமானுக்குச் சரணாலயம் இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீரை நம்பிய வடுவூர் ஏரியும், பறவைகளுக்காக, 2022-ல் சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மூன்றுக்கும் பணம் போதாதென்றால் என்ன செய்வது? கடற்புல்லுக்கே முதலிடம் என்பேன். ஏரி வற்றினால் பறவை வேறு ஏரி தேடிப் பறக்கும். வெளிமான் குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் மேய்கிறது. ஆவுளியாவுக்கோ இந்தியாவில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, கச்சு வளைகுடா, அந்தமான் நிகோபார் தவிர வேறு போக்கிடமில்லை. மேலும் அப்புல்வெளியில்தான் மீன்குஞ்சும் இறாலும் வளர்கின்றன. அதைக் காப்பது மீனவர் அடுப்பையும் காப்பதாகும்.

புல்லை வேரோடு வாருவது விசைப்படகுகளின் இழுவலை. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் அவை மீன்பிடிக்கக்கூடாதென்று 1983-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்கு ரோந்துப் படகும், ஆளும், எண்ணெயும் வேண்டும். முதல் ரூபாய் அங்கே போகட்டும்.